எல் அலமெய்ன் போரும் சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டங்களும்

போர் வரலாறுகள் பெரும்பாலும் தளபதிகளின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளுள் ஒன்றாகக் கருதப்படும் எல் அலமெய்ன் போரும் இதற்கு விலக்கன்று. 1942 ஒக்டோபர் 23ஆம் நாள் இரவு தொடங்கி நவம்பர் 4ஆம் நாள் முடிவு தெளிவான அப்போர், மொண்ட்கொமரி, ரொம்மெல் என்னும் இருவரின் மதியூகப் போட்டியாகவே நூல்களிலும் திரைப்படங்களிலும் சித்திரிக்கப்படுகின்றது. படைகள் எவற்றைக் கொண்டு போரிட்டன, அப்பொருள்கள் எங்கிருந்து வந்தன, எவருடைய உழைப்பால் உருவாயின என்னும் வினாக்கள் அங்கு அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களுடன் தேடப் புகின், எகிப்தியப் பாலைவனத்திலிருந்து புறப்படும் தடமொன்று கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகளுக்கு வந்து சேர்வதைக் காணலாம். அத்தடத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்க்களம்

எல் அலமெய்ன், அலெக்சாந்திரியாத் துறைமுகத்திற்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த ஒரு சிறு புகையிரத நிலையம். அதன் முக்கியத்துவம் நில அமைப்பினால் வந்தது. வடக்கே மத்தியதரைக் கடல். தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு அப்பால் கத்தாராப் பள்ளம். கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கும் அப்பள்ளத்தின் உப்புச் சேற்றிலும் மணலிலும் டாங்கிகள் செல்ல இயலாது. பாலைவனப் போரில் வழக்கமாயிருந்த பக்கவாட்டுச் சுற்றிவளைப்பு இவ்விடைவெளியில் கைகூடாது. எதிரியை நேர்நின்றே உடைத்தல் வேண்டும்.

1942 யூன் 21இல் தோப்ரூக் வீழ்ந்தபின் ரொம்மெலின் படைகள் இவ்விடைவெளி வரை விரைந்து வந்தன. யூலை 1ஆம் நாள் தெயிர் எல் செயின் என்னுமிடத்தில் 18ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் எதிர்த்து நின்று அழிந்தது. அந்த ஒரு பகல், தளபதி ஓக்கின்லெக் தம் படைகளை ஒழுங்குசெய்ய உதவிற்று. அவர் யூலையில் பகைவரைத் தடுத்து நிறுத்தியிராவிடில் ஒக்டோபர் வெற்றிக்கு இடமே இருந்திராது. எனினும் புகழ் அவருக்குப் பின்வந்தவரையே சேர்ந்தது. ஓகஸ்ட் இறுதியில் அலம் ஹல்பா மேட்டில் ரொம்மெல் மேற்கொண்ட இறுதி முயற்சியும் தோற்றது.

ஒக்டோபரில் மொண்ட்கொமரியின் எட்டாவது இராணுவம் ஏறத்தாழ 1,95,000 வீரரையும் ஆயிரத்திற்கு மேற்பட்ட டாங்கிகளையும் கொண்டிருந்தது. எதிரே நின்ற ஜெர்மானிய, இத்தாலியப் படையினர் ஏறத்தாழ 1,16,000 பேர்; அவர்தம் டாங்கிகள் இவற்றின் பாதியளவே. பிரித்தானியர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்தினர், தென்னாபிரிக்கர், இந்தியர், கிரேக்கர், பிரெஞ்சியர் என எட்டாவது இராணுவம் பல நாட்டவரின் கூட்டாய் இருந்தது. நான்காவது இந்தியப் பிரிவு ருவெய்சாத் மேட்டில் நின்றது. அதனுடன் பணிபுரிந்த மதராஸ் சப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினருள் தமிழர் பலர் இருந்தனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்த நிலத்தில், பொறியியற் படையினர் இரவில் ஊர்ந்து சென்று வழி திறந்தாலன்றி ஒரு டாங்கியும் முன்னேற முடியாதிருந்தது.

பன்னிரண்டு நாட்கள் நீடித்த இப்போர், உராய்ந்து தேய்க்கும் போராகவே நடைபெற்றது. எட்டாவது இராணுவம் 13,500 பேர் வரையில் கொல்லப்பட்டும் காயமுற்றும் காணாமற்போயும் இழந்தது. ஆயினும் இழந்ததை ஈடுசெய்யும் வலிமை அதனிடம் இருந்தது, எதிரியிடம் இல்லை. ஒக்டோபர் 26இல் புரொசெர்பினா, 28இல் லூயிசியானா என்னும் எரிபொருட் கப்பல்கள் தோப்ரூக்கை அடையுமுன் அழிக்கப்பட்டன. பின்வாங்கலாகாது என்று நவம்பர் 3இல் இட்லர் விடுத்த கட்டளையால் எரிபொருள் ஊறிவிடவில்லை. மறுநாள் ரொம்மெலின் படைகள் பின்வாங்கின. வாகனங்களற்ற இத்தாலியக் காலாட்படையினர் பெருந்தொகையாகச் சிறைப்பட்டனர்.

வண்டிகளின் போர்

மேலே கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். பாலைவனத்தில் உணவு விளைவதில்லை, நீருமில்லை. ஒவ்வொரு குண்டும், ஒவ்வொரு கலன் தண்ணீரும் துறைமுகத்திலிருந்து வண்டியில் ஏற்றி வரப்படல் வேண்டும். ரொம்மெலின் முதன்மைத் துறைமுகமான திரிப்போலி, களத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்தது. எட்டாவது இராணுவத்திற்கோ நைல் ஆற்றுப் படுகையின் களஞ்சியங்கள் அருகிலேயே இருந்தன. ஆனால் அக்களஞ்சியங்களை நிரப்பிய கப்பல்கள், மத்தியதரைக் கடல்வழி ஆபத்தானதாகையால், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்து சமுத்திரத்தின் வழியே செங்கடலை அடைந்தன. தோப்ரூக்கின் வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்கா அனுப்பிய ஏறத்தாழ 300 ஷெர்மன் டாங்கிகளும் இவ்வழியே வந்தன.

எரிபொருள் இல்லாவிடில் வண்டி ஓடாது என்பதைப் போர் வரலாற்றாசிரியர் அனைவரும் எழுதியுள்ளனர். டயர் இல்லாவிடினும் ஓடாது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. கூரிய கற்களும் கொதிக்கும் மணலும் டயர்களை விரைவில் தின்றன. லொறிக்கு மட்டுமன்று, ஷெர்மன் டாங்கியின் சக்கரங்களுக்கும் சங்கிலிக் கட்டைகளுக்கும் இறப்பர் தேவைப்பட்டது. ஒரு டாங்கிக்கு அரைத் தொன் வரையில் எனக் கணக்கிடுவர். விமானச் சக்கரம், எரிபொருட் குழாய், மின்கம்பி உறை, மருத்துவக் கையுறை என இப்பட்டியல் நீளும்.

இவ்விடத்தில் இரு தரப்பாருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஜெர்மனி, ‘பூனா’ எனப்பட்ட செயற்கை இறப்பரைப் போருக்கு முன்னரே ஆலைகளில் உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தது. குடியேற்ற நாடுகளில் மரங்கள் இருக்க ஆலைகள் எதற்கு என்றிருந்தது பிரித்தானியா. அதற்கெனக் குறிப்பிடத்தக்க செயற்கை இறப்பர்த் தொழில் ஏதும் இருக்கவில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் மாதத்தில் யாவாவும் யப்பானியர் வசமாயின. உலக இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு விளைந்த நிலங்கள் ஒரு காலாண்டிற்குள் கைவிட்டுப் போயின. அமெரிக்காவில் டயரைக் காப்பதற்காகவே மணிக்கு 35 மைல் என்னும் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நேசநாடுகளிடம் எஞ்சிய இயற்கை இறப்பர் நிலங்களுள் மிகப் பெரியது இலங்கை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 1942 ஒக்டோபரில் எகிப்திய மணலில் உருண்ட சக்கரங்கள் சப்பிரகமுவ மரத்தின் பாலால் ஆனவை எனத் திட்டவட்டமாகக் கூறிவிட முடியாது. கேகாலையில் வெட்டிய பால் ஷீற்றாகிக் கொழும்பை அடைந்து, தென்னாபிரிக்க முனையைச் சுற்றி இங்கிலாந்தையோ அமெரிக்காவையோ சேர்ந்து, டயராகி, மீண்டும் அம்முனையைச் சுற்றிச் சூயெசை அடையப் பல மாதங்கள் ஆகும். அலமெய்னில் உருண்டவற்றுட் பல, மலாயா விழுமுன் ஏற்றப்பட்ட இறப்பரால் ஆனவையாயிருத்தல் கூடும். ஆனால் களஞ்சியத்திலுள்ளதை அஞ்சாது செலவிட வேண்டுமாயின், அது மீண்டும் நிரம்பும் என்னும் உறுதி இருத்தல் வேண்டும். தேய்த்து வெல்லும் போர்முறையின் அடிப்படையே அவ்வுறுதிதான். 1942இல் இறப்பரைப் பொறுத்து அவ்வுறுதியை அளித்தவற்றுள் இலங்கைத் தோட்டங்கள் முதலிடம் பெறுகின்றன. ஆபிரிக்கக் கரையெங்கும் எட்டாவது இராணுவம் தொடர்ந்து ஓடிய 1943ஆம் ஆண்டிலோ இத்தொடர்பு மேலும் நேரடியானது.

இலங்கை, 1942

அந்த உறுதி ஏப்ரல் மாதத்தில் ஆட்டங்கண்டது. ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கோர்ன்வோல், டோர்செற்சயர் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மெஸ் என்னும் விமானந்தாங்கி இலங்கையின் கிழக்குக் கரையருகே மூழ்கியது. பிரித்தானியக் கடற்படை கென்யாக் கரைக்குப் பின்வாங்கியது. கொழும்பு மக்கள் திரள் திரளாக உள்நாட்டிற்கும் இந்தியாவிற்கும் வெளியேறினர். யப்பானியர் இலங்கையைக் கைப்பற்றியிருப்பின் இறப்பர் மட்டுமன்றி, எகிப்திற்குச் செல்லும் கப்பல்வழியும் ஈரான் எண்ணெயும் ஒருங்கே ஆபத்திற்குள்ளாகியிருக்கும். எகிப்திலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் பிரிகேட்டுகள் இரண்டு அவ்வாண்டின் நடுப்பகுதிவரை இலங்கையில் நிறுத்தி வைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

யப்பானியர் மீளவில்லை. ஆனால் மற்றொரு முற்றுகை தொடங்கிவிட்டது. இலங்கை தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாடு. அதிலும் பர்மாவையே பெரிதும் நம்பியிருந்தது. மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. கூப்பன் அரிசியின் காலம் பிறந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மாவும் குறக்கனும் மரவள்ளியும் பிடித்தன. தோட்டத்து லயங்களில் ரொட்டி நிலையான உணவானமைக்கு இக்காலப் பங்கீடு ஒரு முக்கிய காரணம் எனலாம். உணவும் சுவையும்கூட வரலாற்றால் ஆக்கப்படுவனவே.

மரமும் மனிதரும்

1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளின் வழிவந்த நாற்றுகள் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டதோடு இலங்கை இறப்பரின் கதை தொடங்குகிறது. மோட்டார் வண்டியின் பெருக்கத்தோடு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இப்பயிர் களனிப் பள்ளத்தாக்கு வழியே பரவியது. றுவான்வெல்ல, தெகியோவிட்ட, யட்டியாந்தோட்டை, புலத்கொகுப்பிட்டிய, எகலியகொட, குருவிட்ட எனத் தாழ்ந்த மலைகளெங்கும் அது பரந்தது. அகலம் குறைந்த களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இத்தோட்டங்களைக் கொழும்புடன் இணைத்தது. உயர்மலைத் தேயிலைத் தோட்டங்களைப் போலன்றி இவை சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடந்தன. தமிழ்த் தொழிலாளரோடு கிராமத்துச் சிங்களத் தொழிலாளரும் இவற்றில் வேலை செய்தனர். இவ்வமைப்பின் அரசியல் விளைவுகள் பின்னர் தெரியவந்தன.

பால் வெட்டுதல் நுணுக்கமான தொழில். விடியற்காலைப் பிரட்டு முடிந்து இருள் பிரியும் நேரத்தில் வெட்டுவோர் மலைக்குச் செல்வர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். முந்தைய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, கத்தியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரத்தின் உள்தோல் காயமுற்று, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஒருவருக்கு இருநூறு, முந்நூறு மரங்கள். வெட்டி முடித்தபின் மீண்டும் மரம் மரமாகச் சென்று பாலைச் சேர்த்து, சரிவில் சுமந்திறங்கி ஸ்டோரில் அளந்து கொடுக்க வேண்டும். அங்கு அது அமிலமிட்டு உறையவைக்கப்பட்டு, உருளைகளில் அழுத்தப்பட்டு, புகைக்கூடத்தில் உலர்த்தப்படும். சப்பிரகமுவ மழை மிகுந்த நாடு. பட்டை நனைந்தால் வெட்டில்லை. வெட்டில்லாத நாளில் முழுப்பேர் கிடைப்பது அரிது.

சீவிய பட்டை மீண்டும் வெட்டத்தக்கதாக வளர ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். ஆகவே மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒன்றுவிட்டு ஒருநாள், சிறிது சிறிதாக வெட்டுவதே முறை. பொருளாதார மந்தத்தை அடுத்து 1934இல் ஏற்பட்ட சர்வதேச இறப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, விலையைக் காப்பதற்காக வெட்டைக் குறைக்கவும் செய்தது. எட்டாண்டுகளின் பின் நிலை தலைகீழாயிற்று. எவ்வளவு முடியுமோ அவ்வளவும் வேண்டும் என்றது ஏகாதிபத்தியம். பல தோட்டங்களில் மரத்தின் ஆயுளைக் கருதாது, இருபுறமும் வெட்டுத் திறந்து, நாள்தோறும் வெட்டி, எட்டாத உயரத்தில் ஏணி வைத்தும் பாலெடுக்கும் முறை புகுத்தப்பட்டது. ஆங்கிலத் தோட்டத்துரைமார் இதற்கு இட்ட பெயரின் பொருள், மரத்தைக் கொன்று பாலெடுத்தல் என்பதே. போர்க்காலத்தில் இலங்கையின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன்னை எட்டியது.

இம்மிகை உற்பத்தியைத் தந்தவர் எந்நிலையில் இருந்தனர்? 1939 ஓகஸ்ட் 1 முதல், இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியமைக்கு எதிர்விளைவாக, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்திருந்தது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவது அரிதாகவே, பலர் போகாதிருந்தனர். புதிய ஆட்கள் வரவில்லை. இருந்த கைகளே மிகுந்த மரங்களை வெட்டின. 1942இல் அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டது. இறப்பரை நிர்ணயித்த விலையில் பிரித்தானிய அரசே வாங்கியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்போன் பெறும் பேரம் பேசும் வலிமை இதனால் இல்லாதொழிந்தது. தோட்ட முதலாளி இழந்தது இலாபத்தின் ஒரு பகுதியையே. மரத்தின் கீழ் நின்றவருக்கோ அந்த இழப்புக்கூட உரியதாயிருக்கவில்லை.

சப்பிரகமுவவிற்கு இடதுசாரி இயக்க வரலாற்றிலும் தனியிடமுண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலைக் கிராமங்கள் பேரழிவுற்றபோது நிவாரணப் பணியாற்றியவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, 1936இல் றுவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். போர் ஓர் ஏகாதிபத்தியப் போர் என்னும் நிலைப்பாட்டிற்காக, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களாகிய அவரும் பிலிப் குணவர்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும் 1940 யூனில் சிறையிடப்பட்டனர். கொழும்பில் குண்டு விழுந்த அதே ஏப்ரலில் அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். மறுபுறம், 1941 யூனில் சோவியத் நாடு தாக்கப்பட்டபின், மாஸ்கோவைச் சார்ந்த இடதுசாரிகள் போரைப் பாசிச எதிர்ப்புப் போராகக் கண்டு ஆதரித்தனர்.

இவ்விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை; முற்றுப்பெற வேண்டியதுமில்லை. அலமெய்னில் பாசிசம் தோற்றது உண்மை. அத்தோல்வியை விரும்பாத முற்போக்காளர் இருக்க முடியாது. சூயெசையும் குடியேற்ற நாடுகளையும் காப்பதற்காகவே பிரித்தானியா அங்கு நின்றது என்பதும் உண்மை. எம் கருத்தில் இவ்விரு உண்மைகளுள் ஒன்றைக் கைவிட்டு மற்றதைப் பற்றுவதாற் பயனில்லை. எந்தப் பக்கத்திற்காகத் தாம் பால் வெட்டுகிறோம் என்று தீர்மானிக்கும் இடத்தில் தோட்டத் தொழிலாளர் எக்காலத்தும் வைக்கப்படவில்லை என்பதே இவ்விவாதத்தில் விடுபட்ட பகுதி.

போரின் பின்

போர் முடிந்த மறு ஆண்டே கணக்கு வந்தது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் என்னும் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்திற்கென அரசு சுவீகரித்தது. 1946இல் அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. கண்டிச் சிங்களக் குடியானவரின் நிலமின்மை பொய்யன்று. பெருந்தோட்டங்கள் விழுங்கிய நிலம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆயினும் அந்நிலத்தை விழுங்கியவர் யார், அதிலிருந்து வெளியேற்றப்படுவோர் யார் என்னும் வினாவை அரசு எழுப்பவில்லை. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்தனர் என அவர்கள்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தம் மலைநாடெங்கும் பரவியது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தாம் பிறந்து வளர்ந்த லயத்தில் தங்கியிருப்பது குற்றமா என்பது அந்த வழக்கின் சாரம்.

1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. கிராமங்களின் நடுவே சிறு சிறு தொகுதிகளாகச் சிதறியிருந்த சப்பிரகமுவத் தமிழருக்கு, நுவரெலியாவில் இருந்தது போன்ற எண்ணிக்கைப் பலமும் இருக்கவில்லை.

மரங்களின் நிலையோ வேறு. போர்க்காலத்து மிகை வெட்டால் பட்டையிழந்து நின்ற தோட்டங்கள் பல பொருளாதாரப் பயனற்றவை எனப் போருக்குப் பின் கணிக்கப்பட்டன. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கை இறப்பருக்கு நல்ல விலையைத் தேடித் தந்தது. பர்மா அரிசியை இழந்து திண்டாடிய நாட்டிற்கு அரிசியையும் தந்தது. 1953இல் முதிர்ந்த மரங்களை அகற்றி மறுநடுகை செய்வோர்க்கு அரச மானியம் வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது.

மரத்தை வெட்டியவரின் மறுநடுகை, 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின் வழி நடந்தேறியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் அதில் முடிவாயிற்று. அதன்படி இராமேசுவரம் வழியாகச் சென்றவர்களுள் ஒரு பகுதியினர், அவர்களுக்கெனவே உருவாக்கப்பட்ட அரச இறப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கேரளத்தின் புனலூரிலும், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும், கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் விடியற்காலையில் கத்தியெடுத்து மீண்டும் பால் வெட்டச் சென்றனர்.